மூடிய கை

வாளையார் எல்லையில் லாரி ஓட்டுவோர் தத்தம் தாள்களை அதிகாரியின் முன் விரித்துக் காட்டி நிற்பதை நெடுங்காலமாகக் கண்டிருக்கிறோம். ஏழை தன் ஏட்டைக் கேட்டவுடன் காட்ட வேண்டும். சர்க்கார் தன் ஏட்டை எப்போது காட்ட வேண்டும்?

1923ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டத்தின் நிழலில் மூடிவைப்பதே வழக்கமாயிருந்தது. 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவ்வழக்கத்தை மாற்றிற்று. கேட்டால் 30 நாளில் விடை தர வேண்டும். மறுக்கத்தக்கவை சில உண்டு. அவற்றுள்ளும் பெரும்பாலானவை 20 ஆண்டு கடந்தால் திறக்கப்பட வேண்டும். நாற்பதில் இழந்தவன் அறுபதில் காரணம் அறிவான்!

"பகவான் புத்தரும் காலமறிந்து பேசச் சொன்னாரன்றோ?" என்று ஓர் அன்பர் என்னை வினவினார். நல்ல வினாவே. ஆனால் காலமறிதல் என்பது, பிறர் மனம் நோகுமே என்று நாவடக்குவோனுக்குரிய விதி. கேட்பவனுக்கே உரிய பொருளைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு காலம் பார்ப்பவனுக்கு அது பொருந்தாது. பரிநிர்வாணத்திற்கு முன் ஆனந்தரிடம் பகவான், ஆசிரியன் மூடிவைக்கும் கை தம்மிடத்தில் இல்லை என்று உரைத்ததை நினைமின்.

ஆயினும் பூட்டில்லாத ஏடும் மூடிக் கிடக்கக் கூடும். செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைபற்றி அறிக்கை எழுதினார். 1892இல் சென்னை அரசாங்கம் அவர்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கன்றிப் பிறர்க்கு அதனை விற்றல் செல்லாது என்பது நிபந்தனை. இதில் இரகசியம் யாதுமில்லை. ஆனால் ஆணையோ ஆங்கிலத்தில். நிலம் பெற்றவரோ பெரும்பாலும் எழுத்தறியார். விலைப்பத்திரத்தில் கைநாட்டு வைத்த கிழவனுக்கு, "இவ்விற்பனை செல்லாது" என்று படித்துச் சொன்னவர் யார்? நிலங்கள் கைமாறின. அவன் பேரர்கள் இன்று தாலுகா அலுவலகங்களில் பழைய பதிவேடுகளைக் கேட்டு நிற்கின்றனர். நானும் ஆலையில் பணிபுரிந்த நாளில், படித்தறியாத தாளில் கையொப்பமிட்டவன். அக்கிழவனைக் குறைகூற எனக்கு நாவில்லை.

நம் பகுதி 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இன்று ஏடுகள் மலையாளத்தில். தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் சர்க்காருக்கு எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. நம்முள் எத்தனை பேர் எழுதிக் கேட்டோம்?

சங்கத்தில் தம்மம் படித்து முடித்தபின், எழுதத் தெரிந்தவர் ஒரு நாழிகை அமர்ந்து தெரியாதவர்க்கு மனு எழுதித் தரலாம். கட்டணம் 10 ரூபாய்; வறுமைக் கோட்டின்கீழ் உள்ளோர்க்கு அதுவுமில்லை.