ஆயுத சேகரமும் அடக்கமும்

2025 டிசம்பர் மாத இறுதியில், திருத்தணி செல்லும் ரயிலில், பிழைப்புத் தேடி வந்த வடமாநில இளைஞர் ஒருவரின் கழுத்தருகே பதினேழு வயதுச் சிறுவர்கள் அரிவாளைப் பிடித்துப் படமெடுத்தார்கள். பிறகு அவரை வெட்டி, அதையும் படமாக்கிப் பரப்பினார்கள். தமிழ் பேசும் எவரையும் தலைகுனிய வைக்கும் இச்செய்திக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 2018 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே மலையம்பாக்கத்தில் ரவுடி ஒருவன் தன் பிறந்தநாள் கேக்கை வீச்சரிவாளால் வெட்டிக் கொண்டாடியபோது, போலீசார் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தனர். எச்சரிக்கையாக நின்றிருக்க வேண்டிய அந்தச் சம்பவம், வருந்தத்தக்க விதமாக, பல ஊர்களில் இளைஞர்கள் பின்பற்றும் சடங்காகவே ஆகிவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே அரிவாளோடு சக மாணவன் வீட்டுக்குள் புகுந்து அவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். திருத்தணிச் சிறுவர்களிடம் வெட்டும் வெறிக்கு முன்பே தோன்றி அதை வளர்த்துவிட்டது, ஆயுதத்தைப் பிறர் காண ஏந்தி நிற்கும் ஆசை என்பதை எண்ணும்போதுதான், இது குற்றவாளிகளை மட்டும் பற்றிய விவகாரம் அன்று என்பது புலனாகிறது.

இக்கொடுமைகளோடு தமக்குச் சற்றும் சம்பந்தமில்லை என்று நியாயமாகவே கருதும் ஒரு கூட்டத்தார் நம்மிடையே உண்டு. பழைய குத்துவாள், கட்டாரி, பாக்குவெட்டி, மடக்குக் கத்தி, திருப்பாச்சேத்தி அரிவாள் என்று தேடித் தேடி வாங்கி, எண்ணெய் பூசிப் பாதுகாத்து, ஒருவருக்கொருவர் காட்டி மகிழும் கத்திச் சேகரிப்பாளர்கள் அவர்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் ஒரு பாக்குவெட்டியின் வேலைப்பாட்டை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்து நிற்கும் மனிதர், பெரும்பாலும் சாது. ஓர் எறும்பையும் மிதிக்க அஞ்சுபவர். ஆயினும் அவரையும் ரயிலில் அரிவாள் ஏந்திய சிறுவனையும் ஒரே தர்மக் கேள்வி தொடுகிறது: வேலையில்லாத ஆயுதத்தை வைத்திருப்பவன் அதைப் பிறருக்குக் காட்டலாமா? காட்டலாகாது என்பதே நம் முடிவு. வைத்திருப்பது குற்றமன்று, ஆனால் காட்டும் ஆசையை அடக்காதவனிடம் அந்த உடைமை தர்மமாக நிலைப்பதில்லை.

சேகரிப்போரிடையே மரியாதை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஒரு கத்தியைப் பார்க்கக் கொடுக்கும்போது பிடி வாங்குபவரை நோக்கி இருக்க வேண்டும். உடையவர் அனுமதியின்றி உறையிலிருந்து உருவலாகாது. அலகின் மேல் விரல் படலாகாது, ஏனெனில் வியர்வையின் உப்பு துருவுக்கு வித்தாகும். பெருவிரலால் கூர் பார்ப்பது அநாகரிகம். பார்த்து முடித்ததும் மென்துணியால் துடைத்தே திருப்பித் தர வேண்டும். விலையைப் பிறர் முன்னிலையில் கேட்பது தகாது. இவையெல்லாம் நல்ல பழக்கங்களே. ஆனால் இவற்றை ஊன்றி நோக்கினால், கத்திக்கும் கத்தியை உடையவருக்கும் செய்யப்படும் மரியாதைகளாகவே இவை முடிந்துவிடுகின்றன. அந்தச் சபைக்கு வெளியே நின்று பார்க்கிறவனுக்கு, அதிலும் பார்த்ததைச் செய்து பார்க்கத் துடிக்கும் வயதினனுக்கு, நாம் ஆற்ற வேண்டிய கடமையைப் பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

அவர்களுடைய வாதங்களும் இவ்வாறே உள்ளுக்குள் சுழல்பவை. பழைய அலகில் காலம் படியவைத்த கருமையைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா என்பது ஒரு வாதம். ஆகாது என்பதே அறிந்தவர்களின் அபிப்பிராயம், அதில் நமக்கும் சந்தேகமில்லை. மூசையில் உருக்கி வார்த்த பழந்தமிழ்நாட்டு உருக்கின் நீரோட்டம் போன்ற வரிகளை, இக்காலத்தில் பல தகடுகளை அடுக்கி அடித்துச் செய்யும் வரிகளிலிருந்து பிரித்தறிவது எப்படி என்பது இன்னொன்று. கொடுமணல் அகழாய்வு காட்டிய அந்தத் தொழிலின் பெருமையைச் சொல்லிப் போலிகளை விற்போர் உண்டாதலால், நண்பர் ஆசையோடு வாங்கிவந்த கட்டாரி போலி என்று தெரிந்தவர் அதைச் சொல்வதா, மௌனம் சாதிப்பதா என்ற தர்மசங்கடமும் எழுகிறது. வாய்மையைப் பிறருக்குத் தீங்கு பயவாத சொல் என்று வகுத்த வள்ளுவர், இனியவை கூறலுக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். எனவே உண்மையைத் தனிமையிலே, கேட்பவர் நாணாதபடி சொல்வதே முறை.

எல்லாவற்றிலும் ஓயாத வாதம் மூன்றாவது. கத்தியைப் பயன்படுத்த வேண்டும், பயன்படாத கத்தி இரும்புத் துண்டு என்பார் ஒரு சாரார். ஒரு கீறலும் படாமல் பேழையில் காப்பதே அதற்குச் செய்யும் கௌரவம் என்பார் மற்றொரு சாரார். உலகெங்கும் நடக்கும் இவ்விவாதத்துக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் ஒரு தீர்ப்பு உரைக்கப்பட்டிருக்கிறது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டினான்; புறநானூற்றின் 95ஆம் பாட்டு அந்தக் காட்சியின் பயன். மயில்தோகை சூட்டி, நெய் பூசி, காவல் மிக்க மாளிகையில் வீற்றிருக்கும் இவனுடைய படைகளையும், பகைவரைத் தாக்கி முனையும் விளிம்பும் சிதைந்து கொல்லனின் சிற்றில்லத்தில் கிடக்கும் அதியமானின் படைகளையும் அவர் அருகருகே வைத்தார்; அவ்வளவே. தொண்டைமானை ஒரு சொல்லாலும் பழிக்கவில்லை, அவன் சேகரத்தின் அழகையும் குறைத்துச் சொல்லவில்லை. கடிந்துரைக்க வேண்டியதைப் புகழ்ச்சியின் மேனியிலேயே சொல்லி முடித்த அந்த நாகரிகத்தைத்தான், ஒருவர் கத்தியை மற்றவர் இகழ்ந்து பகை வளர்க்கும் சேகரிப்பாளர்கள் முதலில் கற்க வேண்டும். போரை நிறுத்தச் சென்ற தூதர் அவர் என்பதும் கருதத்தக்கது: காட்டப்பட்ட ஆயுதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிந்தவர் பேசிய பேச்சு அது.

காட்டுவது இருக்கட்டும், வெறுமனே கையில் வைத்திருப்பதே மனத்தை என்ன செய்யும் என்பதற்கு வான்மீகியின் ஆரணிய காண்டத்தில் சீதை சொல்லும் கதையை விடச் சிறந்த பிரமாணம் இல்லை. வனத்திலே தவம் செய்த முனிவர் ஒருவரின் விரதத்தைக் குலைக்க எண்ணிய இந்திரன், போர்வீரன் வேடத்தில் வந்து தன் வாளை அவரிடம் அடைக்கலப் பொருளாக ஒப்படைத்துச் சென்றான். பொருள் தொலைந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தினால் அவர், கனி பறிக்கப் போனாலும் கிழங்கு அகழப் போனாலும், அதைக் கையோடு எடுத்துச் சென்றார். நாள் செல்லச் செல்ல அவர் சிந்தை கொடுமையில் தோய்ந்து, தவம் அழிந்து நரகம் புக்கார். தீய எண்ணத்தோடு வாங்கிய வாள் அன்று, பாதுகாக்க வாங்கிய வாள் அது என்பதிலேயே கதையின் உயிர் இருக்கிறது. தவமுனிவரின் நெஞ்சையே மாற்றிய சகவாசம், புகழுக்கு ஏங்கும் பதினேழு வயது நெஞ்சை என்ன செய்யாது?

சமணம் இன்னும் ஒரு படி நுணுகிச் சென்றது. சித்தன்னவாசலின் குகையிலே கற்படுக்கை அமைத்து நோன்பிருந்தவர்களின் நெறி, பயனின்றிச் செய்யும் தீமைகளைத் தனியே வகுத்து, வாள் முதலிய கொலைக் கருவிகளைப் பிறர் கைக்குக் கொடுப்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தது. பௌத்தமும் இல்லறத்தானுக்கு விலக்கிய ஐந்து வாணிபங்களில் ஆயுத வாணிபத்தை முதலில் நிறுத்தியது. படமாகக் காட்டுவதும் ஒரு விதத்தில் கொடுப்பதே. இரும்பு கைமாறவில்லையே தவிர, ஆசை கைமாறிவிடுகிறது.

ஆயுதத்தோடு நாள்தோறும் பழகியும் இந்த மயக்கத்துக்கு ஆட்படாதவர்களைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் தஞ்சை மாவட்டத்தைத் தொடும் எல்லையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பாக் நீரிணையின் கரையிலே இருக்கிறது கட்டுமாவடி. கடல்மீனும் நண்டும் இறாலும் ஏலம் போகும் அவ்வூரில் கத்தி இல்லாமல் ஒரு நாளும் விடிவதில்லை: மீன் நறுக்கும் அரிவாள்மனையும் கத்தியும், வலைக்கயிறு அறுக்கும் சிறு சூரியும், தென்னந்தோப்பில் மட்டை கழிக்கும் அரிவாளும், கருவேலம் வெட்டும் கோடாலியும் அங்கே கைகளின் நீட்சிகள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இக்கரையோரத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது வழி திறந்தவை இத்தகைய கருவிகளே. வேலை முடிந்ததும் அவை மீண்டும் கூரை இறவாரத்தில் செருகப்பட்டன.

இந்தப் புழக்கத்தைச் சூழ்ந்து நம் ஊர்களில் ஓர் ஆசாரம் வளர்ந்திருக்கிறது. எவரும் எழுதிவைத்த விதியன்று, வீட்டுப் பெண்டிர் வாயிலாக வந்தது. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கலாகாது, கொடுத்தால் சண்டை வரும் என்று கீழே வைப்பார்கள், வேண்டுபவர் எடுத்துக்கொள்வார். காய் நறுக்கி முடிந்ததும் அரிவாள்மனையைச் சாய்த்துக் கிடத்துவார்கள். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அரிவாளைத் திறந்து போட்டவன், எவ்வளவு மூத்தவனாயினும், வசவு வாங்குவான். ஆயுத பூஜையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று ஒரு நாள் அவற்றை வேலைக்கு எடுக்காமல் ஓய்வு கொடுப்பார்கள். மூடநம்பிக்கை என்று இவற்றுள் சிலவற்றைத் தள்ளுவோர் உண்டு. ஆனால் சேகரிப்போரின் மரியாதைகள் எதுவும் எண்ணிப் பாராத ஒருவரை, அதாவது அருகே நிற்கும் மூன்றாமவரை, இந்த ஆசாரங்கள் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்த்திருக்கின்றன. ஆகவே இரண்டிலும் உயர்ந்தது இதுவே என்று துணிந்து சொல்லலாம்.

மறுபக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. சேகரிப்போர் இல்லையேல் பழந்தொழிலின் சான்றுகள் அழிந்துபோகும். 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமான பிறகு அரண்மனை ஆயுதசாலையின் கருவிகளில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து பிழைத்தது. எஞ்சியவற்றுள் மிகப் பல பழைய இரும்பாக உடைந்து போயின. 1910இல் தோன்றிய புதுக்கோட்டை அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இல்லையேல், வளரி என்னும் எறிபடையை இக்காலப் பிள்ளைகள் பெயரளவில் மட்டுமே அறிந்திருப்பர். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அருங்காட்சியகம் காட்டுவது கண்ணாடிக்குள், ஏந்தும் கை இல்லாமல், செய்த காலமும் இடமும் எழுதிய சீட்டோடு. அங்கே பார்ப்பவன் அறிவு பெறுகிறான், ஆவேசம் பெறுவதில்லை. சேகரிப்போர் தங்கள் செயலுக்கு அருங்காட்சியகத்தைச் சாட்சி அழைப்பார்களானால் அதன் ஒழுக்கத்தையும் ஏற்க வேண்டும்.

சட்டமும் நாம் சொல்லும் பக்கமே சாய்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுடையவற்றை ஆயுத வகையில் சேர்த்தபோது, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் விஞ்ஞானத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றை விலக்கி வைத்தன. அளவு ஒன்றாக இருப்பினும் பிரயோஜனம் எது என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. தோப்பில் மட்டை கழிக்கும் அரிவாளையும், அதே நீளத்தில் அடித்து, பிடியில் பளபளப்பேற்றி, படத்துக்கு மட்டும் ஏந்தும் அரிவாளையும் ஒன்றெனக் கொள்ள முடியாது.

கருப்பர் கோயில்களில் நேர்த்திக்கடனாக நிறுத்தப்படும் நெடிய அரிவாள்களைச் சுட்டி, அவையும் வேலையில்லாத காட்சி ஆயுதங்கள்தாமே என்று கேட்பவர் இருக்கலாம். அவை மனிதன் கையிலிருந்து துறக்கப்பட்டவை. செய்தவனும் கொடுத்தவனும் இனி அவற்றை எடுக்கமாட்டார்கள். பொய்ச்சத்தியம் செய்ய வருபவனைத் தடுத்து நிறுத்துவதே அவற்றின் தொழில். ஏந்துவதற்கும் ஒப்படைப்பதற்கும் இடையே உள்ள வேற்றுமை சிறியதன்று.

இந்த விவகாரத்தில் சுமை எவர் தலையில் ஏறியிருக்கிறது என்பதை நினைத்தால் மனம் வருந்துகிறது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு போலீஸ் தலைமை, அரிவாள் அடிக்கும் பட்டறைகளில் வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்களைக் குறித்துவைக்கவும் கேமரா பொருத்தவும் அறிவுறுத்தியது. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் கடமை என்று புறநானூற்றுத் தாய் ஒருத்தி சொன்ன மரபில் வந்தவர்கள், இன்று உலைக்களத்திலே கணக்குப் புத்தகமும் வைத்து, எவன் எதற்கு வாங்குகிறான் என்று கேட்டாக வேண்டும். துருத்தியின் முன் வியர்வை சிந்தும் அந்த எளியவர் சுமக்கும் கடமையை, வசதியும் கல்வியும் உடைய சேகரிப்பாளர் எந்த உத்தரவும் இன்றித் தாமே ஏற்பது அல்லவா முறை? தம்மிடம் இருப்பவை எவை, எங்கிருந்து வந்தன, எவருக்குக் கைமாறின என்று அவர் பதிந்து வைக்கட்டும். இளையவர் கேட்டால் செய்த கொல்லனின் திறமையைப் பேசட்டும். அலகைக் காட்ட நேர்ந்தால் மேசைமேல் கிடத்தி, பிடியைப் பற்றிய கை இல்லாமல் காட்டட்டும். கை ஏந்திய படம் ஒன்றைத் தம் நண்பரே பெருமையோடு நீட்டும்போது, ஔவையாரின் மென்மையோடு அதை மறுக்கவும் செய்யட்டும்.