யார் தலையில் சுமை?

ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் எல்லைக் காவலுக்கும், பொருட் பாதுகாப்புக்கும், இணையத் தளங்களின் ஒழுங்குக்கும் ஆதரவாகக் கையுயர்த்தும்போது மூன்றுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியும். தனிமனிதன் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத இடத்தில் அரசு முன்னுக்கு வரவேண்டும் என்பதே அது. குழந்தையின் விளையாட்டுப் பொம்மையில் பூசிய சாயம் என்னவென்று உம்மாவால் சோதித்துப் பார்க்க இயலாது. முகநூல் எதைத் தூக்கிக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது. காரணம் நல்லதுதான். ஆனால் காரணம் நல்லதென்றால் சட்டமும் நல்லதாகிவிடுமா?

வெல்லாவெளிப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். படுவான்கரை புலிகளிடம், எழுவான்கரை இராணுவத்திடம் என்றிருந்த காலத்தில் நடுவே கிடந்த வாவிதான் எங்கள் எல்லை. குருமன்வெளித் துறையில் ஓடம் ஏறி மண்டூருக்குப் போகிறவன் சாமானை அவிழ்த்துக் காட்ட வேண்டும். யூரியாவுக்குக் கட்டுப்பாடு, பற்றரிக்குக் கட்டுப்பாடு. யூரியாவில் வெடிமருந்து செய்யலாம் என்பது பொய்யல்ல. பசளை இல்லாமல் வட்டை முழுக்கப் பயிர் மஞ்சளித்துப் போனதும் பொய்யல்ல. மறுகரையிலும் பாதுகாப்பு என்ற அதே சொல்தான். 1990க்குப் பிறகு அந்தச் சொல்லின் பேரில் முஸ்லிம் விவசாயிகள் பலர் தங்கள் வயல் வரம்பை மிதிக்கவே இயலாமற் போனது. 2002 ஏப்ரலில் ஹக்கீமும் பிரபாகரனும் ஒப்பமிட்ட உடன்பாட்டில் காணிகளுக்குத் திரும்புவது பற்றிய வாக்குறுதி இருந்தது. எழுதியதற்கும் நடந்ததற்கும் இடையிலிருந்த தூரத்தை அந்த விவசாயிகள் நன்றாக அறிவார்கள்.

இரு தரப்பும் காரணத்தைத் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன. சுமந்தவனிடம் எவரும் கேட்கவில்லை.

பொருட் பாதுகாப்பின் கதை இன்னும் விசித்திரமானது. 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. மக்களின் ஆரோக்கியம் என்றார்கள், சிறுநீரக நோய் என்றார்கள். ஏளனம் செய்ய வேண்டிய காரணங்களல்ல அவை. ஆனால் தடைக்குப் பின் வந்த பெரும்போகம் நாடெங்கும் விழுந்தது. நவம்பரில் தடையை எடுத்தபோது விதைப்பின் காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. அதே ஆண்டில்தான் சீனாவிலிருந்து சேதனப் பசளையோடு ஒரு கப்பல் வந்தது. மாதிரிகளில் பயிருக்குத் தீங்கான பக்டீரியா இருக்கிறதென்று நமது தாவரத் தடுப்புக் காப்புச் சேவை அதை நிராகரித்தது. ஆய்வுகூடத்தில் இருந்த உத்தியோகத்தர்கள் எல்லைக் காவல் என்றால் என்னவென்று காட்டினார்கள். கப்பல் திரும்பியது. 2022 ஜனவரியில் ஏறத்தாழ 70 இலட்சம் டொலரை அரசு அந்தக் கம்பனிக்குக் கொடுத்தும் விட்டது!

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தடையின் சுமை ஏழை விவசாயியின் தலையில். நிராகரிப்பின் சுமை, விற்க வந்த பெரிய கம்பனியின் மேல். அதையும் கடைசியில் நாமே இறக்கிக் கொடுத்தோம். ஒரு விதியை எடைபோட எனக்கு அகப்பட்ட தராசு இதுதான்.

ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைச் சட்டத்தை இந்தத் தராசில் வைத்தால் அது பெருமளவு தேறுகிறது. மாதம் நாலரைக் கோடிப் பாவனையாளர் உள்ள தளங்கள் தங்களால் விளையும் ஆபத்தைத் தாங்களே ஆராய்ந்து குறைக்க வேண்டும், தவறினால் உலக வருமானத்தில் 6 வீதம் வரை அபராதம். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பொருட் பாதுகாப்பு விதியும் அவ்வாறே, விற்கப்படும் பொருளுக்கு ஒன்றியத்துக்குள் பொறுப்பாளி ஒருவரைக் கேட்கிறது. ஆனால் அதே பாராளுமன்றம் 2024 ஏப்ரலில் அங்கீகரித்த புகலிட உடன்படிக்கையில் ஆறு வயதுப் பிள்ளையின் கைரேகையும் எடுக்கப்படும். முன்பு அது பதினான்கு வயது. அந்தப் பிள்ளைக்கு அங்கே வாக்கில்லை. சட்டமியற்றுபவர் தம் காரணத்தை அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய அவசியமும் நேர்வதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்றொரு கதை. மிரட்டி வாங்கிய ஒப்புதல் காணொளியாகப் பரவியது. அரசாங்கப் பகுப்பாய்வாளர் பிறகு பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. அதற்குள் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தது. அடுத்த வாரம் திகன எரிந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பைப் படித்துப் பார்க்கப் போதிய ஆள் முகநூலிடம் இருக்கவில்லை. 2020 மே மாதம் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. இப்படி அடிபட்ட சமூகம் கட்டுப்பாட்டை வேண்டாம் என்று எப்படிச் சொல்லும்?

அந்த நியாயத்தைத்தான் 2024 ஜனவரி 24ஆம் திகதி 108 பேர் கையிலெடுத்தார்கள், எதிர்த்தவர்கள் 62 பேர். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. பொய்யான கூற்று எதுவெனச் சொல்ல ஐவர் கொண்ட ஆணைக்குழு, எழுதியவனுக்கு ஐந்து வருடம் வரை சிறை. நம் எழுத்தாளர் வட்டத்துக்கு இது ஏட்டுச் செய்தியல்ல. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் ‘நவரசம்’ என்ற தொகுதிக்காக 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசம்பர் வரை பிணையின்றி இருந்தார். 2023இல் விடுதலையானார். அப்போது இந்தச் சட்டம் பிறந்திருக்கவில்லை. காப்பதற்கென்று வந்த வேறு சட்டம் போதுமாயிருந்தது.

சுவரேறி ஒருவரின் வீட்டுக்குள் பாவத்தைக் கண்டுபிடித்த உமர் (ரலி) அவர்களிடம், ஒரு பாவத்துக்கு மூன்றை நீங்கள் செய்தீர்கள் என்று வீட்டுக்காரர் சொல்ல, கலீபா விட்டுச் சென்றதாக ஒரு செய்தியை இமாம் கஸ்ஸாலி தீமை தடுப்பதன் வரம்புகளைப் பேசுமிடத்தில் எடுத்துக்காட்டுகிறார். சந்தையில் படிக்கல்லைச் சோதித்த முஹ்தஸிபுக்கு, வீட்டுச் சுவரில் ஏற உரிமையிருக்கவில்லை.

அம்பாறைக் கடைக்காரருக்கு அன்றிரவு வேண்டியிருந்தது ஐந்து வருடச் சிறை விதிக்கும் பிரிவல்ல. அந்தக் காணொளியைப் பரப்பிக் காசு பார்த்த நிறுவனத்தில், சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது; கடையை உடைக்கும்போது வந்து நிற்கிற பொலிஸ்காரர் ஒருவரும்.