குளிர்காய்ச்சலும் வினையும்

வன்னியில் ஒரு காலம் காய்ச்சல் என்றால் அது மலேரியாதான். சொல்லி வைத்ததுபோல் ஒருநாள் விட்டு ஒருநாள் பின்னேரத்தில் குளிர் தொடங்கும். எத்தனை சாக்கைப் போட்டு மூடினாலும் பல் கிடுகிடுக்கும். பிறகு உடம்பு அனலாகும், வேர்வை ஓடும், ஆள் துவண்டு போகும். அடுத்த நாள் அதே ஆள் மண்வெட்டியோடு வயலுக்குப் போவார். அதற்கடுத்த நாள் மறுபடி குளிர். தொண்ணூறுகளில் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அந்த ஆண்டுகளில் மலேரியாப் பகுதியில் நுணுக்குக்காட்டியில் இரத்தம் பார்த்தவன் நான். சைவக் குடும்பத்தில் பிறந்து, இன்றும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடுகிறவன். நோய் வினைப்பயனா என்ற கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல, அந்த மேசையில் வந்தது.

விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தட்டில் இரத்தத்தைத் தொட்டு, சின்ன வட்டமாகப் பூசிக் காயவிடுவோம். பக்கத்திலேயே மெல்லியதாக இன்னொரு பூச்சு இழுப்போம். ஜீம்சாச் சாயம் ஊற்றிக் கழுவி, எண்ணெய்த் துளி ஒன்று வைத்துப் பார்ப்போம். மின்சாரம் இல்லாததால் மேசையை யன்னலோரம் போட்டு, நுணுக்குக்காட்டியின் அடியிலுள்ள கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்புவோம். வானம் இருட்டினால் வேலை நின்றுவிடும். மெல்லிய பூச்சில், ஒரு செங்குழியத்துக்குள் நீல மோதிரம் ஒன்று தெரியும், சிவப்புக் கல் பதித்ததுபோல் அதில் ஒரு புள்ளி. அது வைவாக்ஸ் என்னும் மலேரியாக் கிருமி. அது குடியேறிய குழியம் பக்கத்துக் குழியங்களைவிடப் பெருத்திருக்கும். ஏறத்தாழ 48 மணி நேரத்தில் உள்ளே பல்கிக் குழியங்களை உடைத்துக்கொண்டு கிருமிகள் வெளியே வரும்போதுதான் அந்தக் குளிர்.

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் நடமாடும் கிளினிக் போட்டிருந்த நாள். மூன்று வயதிருக்கும், ஒரு பெண்பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். கண்மடல் வெளுத்திருந்தது. இடப்பக்க விலாவுக்குக் கீழே மண்ணீரல் கையில் தட்டுப்பட்டது. கூட வந்த பேத்தியார் சொன்னார்: “போன பிறப்பில என்ன செய்துதோ தம்பி, அதின்ர வினை. அனுபவிச்சுத்தான் தீரோணும்.” தாய் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், “வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்ந்திருக்கிறன் தம்பி. நீங்களும் வடிவாப் பாருங்கோ” என்றார்.

பேத்தியார் கொடியவர் அல்ல. அந்தப் பிள்ளையை இரவெல்லாம் மடியில் வைத்திருந்தவர் அவர்தான். சைவ சித்தாந்தம் சொல்லும் ஆணவம், கன்மம், மாயையில் கன்மத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினார். ஆனால் அதே சித்தாந்தம் கன்மம் சடம் என்கிறது. அது தானாக வந்து ஒருவரைப் பற்றாது. பக்குவம் பார்த்து ஊட்டுகிறவன் இறைவன், அவன் ஊட்டுவது உயிரின் ஈடேற்றத்துக்காக. அப்படியானால் எந்த உயிருக்கு எந்த வினை, எவ்வளவு, எப்போது தீரும் என்பது அவன் ஒருவனுக்கே தெரிந்தது. பேத்தியாருக்கும் எனக்கும் தெரியாது. என் துன்பத்தைப் பார்த்து ‘இது என் வினை’ என்று நான் சொல்லலாம், அதில் பணிவும் ஆறுதலும் இருக்கின்றன. இன்னொருவர் பிள்ளையைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொன்ன அந்தக் கணத்தில் நான் இறைவனின் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறேன்.

நம்முடைய சமயமே இதைத் தீர்த்து வைத்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக்குப் போய்க் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அது மலேரியாதானா என்று நான் வாதிட வரவில்லை. அப்போது அவர் பாடிய திருநீலகண்டப் பதிகத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். முன்செய்த வினைக்கு இந்த வினை என்று ஓதத் தெரிந்த நீங்கள், தப்பும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று அடியார்களைக் கேட்கிறார். பிறகு, பழைய வினை நம்மைத் தீண்டாது என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிடுகிறார். வினை இல்லை என்று அவர் சொல்லவில்லை. வினையைக் காட்டிச் சும்மா இருப்பதைத்தான் கண்டிக்கிறார். காய்ச்சல்காரரின் தலைமாட்டில் இந்தப் பதிகத்தைப் பாடுகிறவர்கள் இந்தக் கேள்வியையும் காதில் வாங்க வேண்டும். வவுனியாவில் நமக்கு அயலில் வாழும் பௌத்தர்களின் நூல்களிலும் இதற்கு உறவான ஒரு பதில் உண்டு. சீவகன் என்னும் துறவிக்குப் புத்தர், வேதனைக்குப் பித்தம், சளி, வாதம், பருவ மாற்றம் என்று எட்டுக் காரணம் சொன்னார். வினை அந்த எட்டில் ஒன்று மட்டுமே.

மலேரியாவுக்கு எங்கள் மண்ணில் காரணம் கண்ணுக்குத் தெரிவது. மழை குறைந்து ஆற்றின் ஓட்டம் நின்றதும் மணலிலும் கல்லிலும் குழி குழியாகத் தண்ணீர் தேங்கும். மலேரியா நுளம்புக்கு அது போதும். கனகராயன் ஆற்றிலும் பேராற்றிலும் அந்தக் குழிகளை நாங்கள் இறங்கிப் பார்த்திருக்கிறோம். 1934 இல் பெருவரட்சியால் தெற்கின் ஆறுகள் இப்படிக் குழிகளானபோது பரவிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். டி.டி.ரி. அடித்து, 1963 இல் நாடு முழுவதும் 17 நோயாளர் என்ற நிலைக்கு வந்தோம். கவனம் தளர்ந்தது. 1969 இல் ஐந்து இலட்சத்தையும் தாண்டியது. 1999 இல் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். போரும் இடப்பெயர்வும் பொருளாதாரத் தடையும் ஒன்றாக அழுத்திய வன்னிக்கு அதில் பெரும் பங்கு. ஆனாலும் சண்டை நடந்த இடங்களிலும் மருந்து தெளிப்போரும் நுளம்புவலை கொடுப்போரும் இரு தரப்பின் இசைவோடும் உள்ளே போய் வந்தார்கள். உள்ளூர் மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்ரெம்பர் 5 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அந்த 2012 ஒக்ரோபரில் வன்னிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரேயடியாக நல்வினை உடையவர்களாகப் பிறக்கத் தொடங்கினார்களா? அல்லது அதற்கு முன் செத்த பிள்ளைகள் எல்லாரும் தீவினை செய்தவர்களா? இந்தக் கேள்விக்கு ‘ஓம்’ என்று சொல்லும் சமயம் எனக்கு வேண்டாம். அங்கே வினை என்று ஒன்று இருந்திருந்தால், மருந்து வரும் பாதையை மறித்தவர்களின் வினை இருந்தது. அதைப் பிள்ளையின் தலையில் கட்டியது அநியாயம்.

தாயின் நேர்த்தியையும் இதே கண்ணால் பார்க்கிறேன். அந்தப் பிள்ளையின் தட்டில் வைவாக்ஸ் இருந்தது. மூன்று நாள் குளோரோகுயின், பதினாலு நாள் பிரைமாகுயின். கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வரும், அதனால்தான் அந்தப் பதினாலு நாள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களோடுதான் எங்களுக்குப் பெரும் பாடு. அந்தத் தாய் ஒரு நாளும் விடவில்லை. வைகாசிப் பொங்கலுக்குப் பிள்ளையை நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்று வற்றாப்பளைக் கண்ணகிக்குச் சொல்லியிருந்தார். நம்பிக்கை அவரைப் பொறுமையாக வேலை செய்ய வைத்தது. பேத்தியாரின் நம்பிக்கை கையைக் கட்டச் சொன்னது. இரண்டையும் பக்தி என்ற ஒரே பெயரில் அழைக்க எனக்கு மனமில்லை.

இன்று மலேரியாவின் இடத்தில் வேறு நோய்கள். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டுபோனது. அந்தக் கிருமி வயல் சேற்றிலிருந்து காற்புண் வழியே இரத்தத்துக்குள் போவது. அப்போதும் ‘விதி முடிஞ்சுது’ என்று செத்தவீட்டில் சொன்னார்கள். காலபோகத்துக்கு வயலில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, தரும் தடுப்பு மாத்திரையைச் சொன்னபடி போடுங்கள். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், எங்கே போய் வந்தார் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லி மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஏனென்றால், கிணற்றிலும் தொட்டியிலும் பெருகும் இன்னொரு மலேரியா நுளம்பு 2016 கடைசியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் மலேரியா இரத்தச் சோதனைக்குக் காசில்லை.