புகார் கொடுக்காதவள்

காவல்துறையை யார் கண்காணிப்பது என்ற விவாதங்களில் ரோமானியக் கவிஞர் யுவெனலின் ஒரு வரி அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. காவலுக்கு வைத்தவர்களை மேற்பார்வையிட ஆள் வேண்டாமா என்பது அதன் சாரம். ஆனால் அந்த வரி அரசைப் பற்றி எழுதப்பட்டதல்ல. மனைவியை வீட்டில் பூட்டி, அவள் கற்புக்குக் காவலாள் போடும் கணவனைப் பற்றியது. மனைவி அந்தக் காவலாளையே வசப்படுத்திவிடுவாள் என்பதுதான் கவிஞரின் கவலை. அங்கே பெண் காக்கப்பட வேண்டிய உடைமை, சந்தேகத்துக்குரியவளும் கூட. காவலாளால் அவளுக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பழைய பார்வை இன்றைய கண்காணிப்பு அமைப்புகளை விட்டு அகன்றுவிட்டதா?

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரக் காவல்துறையை எடுத்துக்கொள்வோம். பொதுமக்களின் புகார்களை விசாரிக்கும் குடிமக்கள் குழு அங்கே 1980 முதலே இருந்தது. 2000ஆம் ஆண்டில், ‘ரைடர்ஸ்’ என்று அழைக்கப்பட்ட நான்கு காவலர்கள் மக்களை அடிப்பதையும் பொய் ஆதாரம் வைப்பதையும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு காவலர் வெளியே சொன்னார். 119 பேர் வழக்குத் தொடுத்தார்கள், அவர்களில் ஏறத்தாழ எல்லோருமே கறுப்பின மக்கள். 2003இல் நகரம் சமரசத்துக்கு வந்தது. அதன்படி காவல்துறை ஃபெடரல் நீதிமன்றத்தின் மேற்பார்வைக்குள் வந்தது. அன்றிலிருந்து அதன் ஒவ்வொரு நடைமுறையும் கணக்கெடுக்கப்பட்டு அறிக்கையாகிக்கொண்டிருந்தது.

இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஓர் இளம்பெண்ணைப் பல காவலர்கள் பாலியல் ரீதியாகச் சுரண்டினார்கள். அவர்களில் சிலர் அவளை அணுகியபோது அவளுக்கு 18 வயதுகூட நிறையவில்லை. 2015 செப்டம்பரில் ஒரு காவலர் தற்கொலை செய்துகொண்டு, குறிப்பு ஒன்றை விட்டுச் சென்றதால்தான் விஷயம் வெளிப்பட்டது. அப்போதும் காவல்துறையின் சொந்த விசாரணை அவசரமாக மூடப்பட்டது. 2016 மார்ச்சில் நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன் தலையிட்ட பிறகே அது முறையாக நடந்தது. அந்த ஜூன் மாதத்தில் சில நாட்களுக்குள் துறையின் தலைமைப் பதவி அடுத்தடுத்துக் கைமாறியது. முதல் விசாரணையாளர்கள் அவளை ஒரு பொருட்டாகவே கருதவில்லை என்றும், அவளுக்கு எதிரான சார்பு தெளிவாகத் தெரிந்தது என்றும் நீதிமன்றம் நியமித்த புலனாய்வாளர்கள் 2017இல் அறிக்கை தந்தார்கள்.

அவள் ஏன் புகார் கொடுக்கவில்லை? இந்தக் கேள்வி நமக்குப் பழக்கமானது. அடிபட்ட மனைவியிடமும் வேலையிடத்தில் துன்புறுத்தப்பட்டவளிடமும் இதையேதான் கேட்கிறார்கள். பாலியல் தொழிலில் இருக்கும் பெண்ணைக் கைது செய்யவும் முடியும், விட்டுவிடவும் முடியும் என்ற நிலையில் இருப்பவன் காவலன். அவனிடம் “வேண்டாம்” என்று சொன்னால் என்ன விலை கொடுக்க நேரும் என்பது அவளுக்குத் தெரியும். அவனைப் பற்றிப் புகார் எழுதினால் அது யார் மேசைக்குப் போகும் என்பதும் தெரியும். அவளுடைய மௌனத்தைச் சம்மதம் என்று படிப்பவர்கள் அந்த அதிகாரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

புகார் வரட்டும், விசாரிக்கிறோம் என்று காத்திருக்கும் அமைப்பு, புகார் கொடுக்கத் துணிவும் நேரமும் நற்பெயரும் உள்ளவர்களுக்கே பயன்படும். அதிகாரத்தின் கைக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றும் இருப்பதில்லை.

2016 நவம்பரில் ஓக்லாண்ட் வாக்காளர்கள் 80 சதவீதத்துக்கும் மேலான ஆதரவுடன் ஒரு காவல் ஆணையத்தை உருவாக்கினார்கள். ஏழு உறுப்பினர்கள், இரண்டு மாற்று உறுப்பினர்கள். எல்லோரும் ஊதியம் பெறாத குடிமக்கள். பணியில் உள்ள காவலரோ அந்தத் துறையின் முன்னாள் காவலரோ உறுப்பினராக முடியாது. காவல்துறைத் தலைவரை நீக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. 2020இல் மக்கள் மீண்டும் வாக்களித்து, தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒன்றையும் சேர்த்தார்கள். புகாருக்குக் காத்திராமல் துறையின் நடைமுறைகளைத் தணிக்கை செய்யும் அலுவலகம் என்பதால் இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதற்கிடையில், 2017இல் ஆன் கிர்க்பாட்ரிக் அந்தத் துறையின் முதல் நிரந்தரப் பெண் தலைவரானார். தலைமையில் ஒரு பெண் அமர்ந்தால் துறை மாறும் என்று நாமும் நம்ப விரும்புவோம். 2018இல் வீடற்ற ஒருவரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றபோது, சுட்டவர்களின் பக்கமே அவர் நின்றார். 2020 பிப்ரவரியில் ஆணையமும் மேயரும் அவரைப் பதவி நீக்கினார்கள். ஆணைய உறுப்பினர்களின் அதிகார மீறலைத் தான் வெளிப்படுத்தியதற்காகப் பழிவாங்கப்பட்டதாக அவர் வழக்குத் தொடுத்தார். 2022இல் நடுவர் குழு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைப் பிரித்தெடுக்கலாம். சீருடைக்குள் பெண் இருப்பதால் மட்டும் அந்தச் சீருடையின் அதிகாரம் மாறிவிடாது. குடிமக்கள் என்பதால் மட்டும் ஆணைய உறுப்பினர்கள் தூயவர்களாகிவிடுவதுமில்லை, அவர்களையும் கேள்வி கேட்க இன்னொரு இடம் வேண்டும். ஆகவே குற்றமற்ற கண்காணிப்பாளரைத் தேடுவதில் பயனில்லை. எவரும் கேள்விக்கு அப்பாற்பட்டவராக இல்லாத ஏற்பாடுதான் நம்மால் கட்டக்கூடியது.

அந்த ஏற்பாட்டை எதைக்கொண்டு அளப்பது? எத்தனை புகார்களைத் தீர்த்தது என்ற எண்ணிக்கை போதாது. புகார் எழுத முடியாதவளைத் தேடிப் போனதா, அவளுடைய தொழிலையும் நடத்தையையும் எடைபோடாமல் அவள் சொன்னதைக் கேட்டதா என்று பார்க்க வேண்டும். ஓக்லாண்டில் அந்தப் பெண்ணின் உண்மை வெளியே வர, ஒரு காவலரின் மரணக் குறிப்பு தேவைப்பட்டது. அவள் உயிரோடுதான் இருந்தாள். அவளிடம் யாராவது முதலிலேயே கேட்டிருக்கலாம்.