எண்பதாயிரம் கலம்

எங்கள் திருவதிகையைத் தொட்டுக்கொண்டு ஓடும் கெடிலம் கிழக்கே கடலூர் போய், புனித டேவிட் கோட்டை இருந்த தேவனாம்பட்டினத்துப் பக்கம் கடலில் விழுகிறது. 1750 ஜூலையில் ஷ்வார்ட்ஸ் என்கிற 23 வயது ஜெர்மானியர் கடலூரில்தான் கப்பல் இறங்கினார். தமிழ் பைபிள் அச்சு வேலைக்காக ஹாலே நகரிலேயே தமிழ் படிக்கத் தொடங்கியிருந்தவர். அதே ஆண்டில்தான் பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் வீரட்டானேசுவரர் கோயிலைப் பிடித்துக் கோட்டையாக்கிக் கொண்டார்கள். மதில் உயரமாக இருந்தால் போதும், உள்ளே யார் குடியிருக்கிறார் என்று பட்டாளம் பார்ப்பதில்லை.

வந்தவருக்கும் வாழ்நாளின் பெரும்பகுதி பட்டாளத்தின் நடுவேதான் அமைந்தது. முதலில் தரங்கம்பாடி, பிறகு திருச்சி, கடைசியில் தஞ்சாவூர். திருச்சியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு அவரே பாதிரியார். குருப்பட்டம் பெற்றது லுத்தரன் சபையில்; ஆராதனை நடத்தியது ஆங்கிலிக்கன் சிப்பாய்களுக்கு. அந்தக் காலத்தில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. 1764 மதுரை முற்றுகையில் காயம்பட்டவர்களோடு இருந்தார். பின்னாளில் கம்பெனி ஆண்டுக்கு நூறு பவுன் சம்பளம் போட்டது. அதில் பாதி சபைக்குப் போய்விடும்.

ஒருவனிடம் சம்பளம் வாங்கிவிட்டு அவன் ஆளாகாமல் இருக்க முடியுமா? முப்பது வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் என்பதால் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

திருச்சியில் அவர் இருந்த அறையைப் பார்த்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பழைய கட்டடம் ஒன்றில், கட்டிலும் அவரும் கொள்ளும் அளவு இடம். கொஞ்சம் உயரமான ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. சோறும் காய்கறியும் சாப்பாடு. கறுப்புச் சாயம் தோய்த்த முரட்டுத் துணி ஒன்று வருஷத்துக்கு உடுப்பாகிவிடும். திலகவதியார் கோயில் கூட்டி மெழுகிய ஊர்க்காரனுக்கு இந்த எளிமை புரியும். நிச்சயித்த மாப்பிள்ளையைப் போருக்குப் பறிகொடுத்தவர் அந்த அம்மை. ஆனால் இந்த மனிதர் பட்டாளத்துக்கு உள்ளேயே இருந்துகொண்டு அப்படி வாழ்ந்தார். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

1779இல் கம்பெனி அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த முந்நூறு ரூபாயைச் சென்னையில் கொண்டுவந்து ஒப்படைத்தார். கம்பெனியார் வாங்க மறுத்ததும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாக வைத்தார். தூது என்னவோ வீண்தான். அடுத்த வருஷமே ஹைதரின் படை கர்நாடகத்தில் இறங்கிவிட்டது. ஆனாலும் இந்தப் பாதிரியாரை மட்டும் தடுக்காமல் போகவிடுங்கள் என்று தன் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தார் ஹைதர்.

அந்தப் போர்க்காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் ஆட்கள் பட்டினியால் விழுந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. வண்டி மாடும் இருந்தது. குடியானவர்கள் கொண்டுவரவில்லை. முன்பு கொடுத்ததற்குக் காசு வரவில்லை, இனி ராஜா சொன்னாலும் கம்பெனி சொன்னாலும் நம்புவதாக இல்லை. ஷ்வார்ட்ஸ், பணத்துக்குத் தாம் பொறுப்பு என்று ஆள் அனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்தன, எண்பதாயிரம் கலம் தானியம் சேர்ந்தது. பிழைத்தது கம்பெனியின் கோட்டையும்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாடு ஓட்டி வந்தவன் கம்பெனியை நம்பி வரவில்லை.

1798இல் ஷ்வார்ட்ஸ் தஞ்சையில் இறந்தார். அவர் பொறுப்பில் வளர்ந்த தஞ்சை இளவரசர் சரபோஜி, பிளாக்ஸ்மன் என்ற இங்கிலாந்துச் சிற்பியிடம் சலவைக்கல்லில் செய்வித்த நினைவுச் சிற்பம், சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையை இளவரசர் பிடித்திருக்கிறார். அதன் முன்னால் நின்றபோது எனக்கு நினைவு வந்தது ஒரு பலாத்தோப்பு.

2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிச் செம்மண் காட்டில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. சேதக் கணக்கெடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். ஒரு பெரியவர், அவர் அப்பா வைத்த பலாவின் அடிமரத்தில் உட்கார்ந்திருந்தார். வேரில் ஈர மண் உலரவில்லை, பிஞ்சுகள் சுற்றிலும் சிதறிக் கிடந்தன. "சார், எல்லா மரத்துக்கும் கெடைக்குமா?" என்றார். "கட்டாயம் கெடைக்கும் ஐயா, நான் இருக்கேன்" என்றேன். எனக்குத் தெரியாது. அவரை எழுப்பி அனுப்பினால் அடுத்த தோப்புக்குப் போகலாம் என்றுதான் சொன்னேன். நிவாரணப் பட்டியல் வந்தபோது அவருடைய பாதி மரங்கள் அதில் இல்லை. "மேலே முடிவு பண்ணினது, நான் என்ன செய்ய?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மேலே முடிவு செய்தது உண்மைதான். நான் இருக்கிறேன் என்று சொன்னதும் உண்மை.

நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. அந்தத் தோப்பு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிஷம். இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.