அளந்து போடுகிறவரின் அறம்

மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபிக்குக் கணக்குப்பிள்ளை தேவைப்படவில்லை. ஆதிரை முதல் பிச்சை இட்ட பிறகு அள்ள அள்ளச் சோறு வந்துகொண்டே இருந்தது. காயசண்டிகையின் யானைத்தீ என்னும் தீராப் பசி நோய் அடங்கியது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. வரிசையில் எத்தனை பேர், யாருக்கு முதலில், நாளைக்கு என்ன மிச்சம் என்ற கேள்விகள் அந்தக் கதைக்குள் நுழையவே முடியாது. பாத்திரம் குறையாதென்றால் கொடுக்கிறவருக்குக் கருணை ஒன்று போதும். அந்தக் காப்பியத்தைச் செய்த சாத்தனாரைக் கூலவாணிகர் என்கிறது மரபு. தானியம் அளந்து விற்ற ஒருவர், அளக்கவே வேண்டாத பாத்திரத்தைக் கற்பனை செய்ததில் எனக்கு வியப்பில்லை. நாள் முழுக்க அளக்கிறவருக்குத்தான் அப்படி ஓர் ஆசை வரும். ஆனால் உலகத்தில் இருப்பதெல்லாம் குறைகிற பாத்திரங்கள். நெல்லைக் கொள்முதல் செய்து, மூட்டை பிடித்து, கிடங்கில் அடுக்கி, பூச்சியும் மழையும் அண்டாமல் காத்து, எடை போட்டுப் பங்கிடுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளமும் வேண்டும். இந்த வேலை அறத்தில் சேருமா என்று கேட்டால் நம் மனம் தயங்குகிறது. அன்னதானத்தைப் புண்ணியம் என்கிறோம், ரேஷன் கடையை உத்தியோகம் என்று தள்ளி வைக்கிறோம். இந்தப் பிரிவினை தவறானது என்பது என் கட்சி. பசியைப் பற்றிய அறத்தில் கடினமான பகுதி அளக்கிறவரிடம்தான் வந்து சேர்கிறது. தினம் தினம் பலருக்குச் சோறு போட வேண்டிய கட்டாயத்தில் இருந்த சமயங்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தன.

பௌத்த சங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். பிச்சை ஏற்று உண்ணும் துறவிகளுக்கு உணவு நிர்வாகம் எதற்கு என்று தோன்றும். துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் வினய பிடகத்தைப் பார்த்தால், எந்தப் பிக்கு எந்த வீட்டு விருந்துக்குப் போக வேண்டும் என்று ஒதுக்கித் தர ஒருவர், பண்டகசாலையைக் காக்க ஒருவர் எனத் தனித்தனிப் பொறுப்புகள் இருக்கின்றன. சலாகை என்ற குச்சியிலோ ஓலைத் துண்டிலோ அடையாளம் கட்டி, எல்லாவற்றையும் கலந்து குவித்துவிட்டு, பிறகு எடுத்துக் கொடுத்து உணவை ஒதுக்கும் முறைகூட அங்கே உண்டு. ரேஷன் டோக்கனுக்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரிந்து இல்லை. உணவு ஒதுக்குகிற பொறுப்பை முதலில் கேட்டு வாங்கியவர் தப்பர் என்னும் மல்ல நாட்டுத் துறவி. ஏழு வயதிலேயே அருகத நிலை அடைந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அடைய வேண்டியதை எல்லாம் அடைந்தாயிற்று, இனி சங்கத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தவர், படுக்கை ஒதுக்குவதையும் சாப்பாடு ஒதுக்குவதையும் தேர்ந்தெடுத்தார். ஞானத்தின் உச்சியில் நிற்கிறவர் மெஸ் மேனேஜர் வேலைக்கு வருகிறார்! கதை அதோடு நிற்கவில்லை. ராசகிருகத்தில் நல்ல சாப்பாடு போடுவதற்குப் பேர்போன ஒரு வீட்டில் மேத்தியர், பும்மசகர் என்ற இருவரின் கூட்டத்துக்கு முறை வந்தது. அந்த வீட்டுக்காரருக்கு அவர்களைப் பிடிக்காது. வாசற்புறத்தில் உட்காரவைத்து, நொய்ச் சோறும் புளித்த கஞ்சியும் ஊற்றச் சொல்லிவிட்டார். தப்பர்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டு, ஒரு பிக்குணியைத் தூண்டி அவர்மேல் ஒழுக்கக்கேட்டுப் புகார் சுமத்தினார்கள் அந்த இருவரும். விசாரித்ததில் பொய் என்று தெரிந்தது. பொய்ப் பழி சுமத்துவதற்கு எதிரான ஒரு விதியே இந்தச் சம்பவத்திலிருந்துதான் பிறந்தது. சோறு பங்கிடுகிறவர் மேல் சந்தேகம் விழுவது இன்று நேற்று வந்ததில்லை.

அந்தப் பொறுப்புக்கு வினயம் ஐந்து தகுதிகளை வைக்கிறது. வேண்டியவர் என்று சாயக்கூடாது, வெறுப்பில் சாயக்கூடாது, அறியாமையில் சாயக்கூடாது, பயத்தில் சாயக்கூடாது. எது ஒதுக்கப்பட்டது, எது ஒதுக்கப்படவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். இதில் கருணை என்ற சொல்லே இல்லை. கருணை துறவிக்குப் பொது இலக்கணம் என்பதால் தனியே சொல்லவில்லை என்று வாதிடலாம். எனக்கு வேறு காரணம் தெரிகிறது. கண்ணெதிரே நிற்கிறவன் மேல் பொங்குகிற கருணை, இன்னும் வந்து சேராதவனின் பங்கைத் தின்றுவிடும். டெல்டாவில் அறுவடை நேரத்து நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றில் இந்தத் தகுதிகளைப் பொருத்திப் பார்த்தால் அவற்றின் கூர்மை புரியும். விவசாயி நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு முறைக்குக் காத்திருக்கிறார். பட்டியல் எழுத்தர் ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து ஈரப்பதம் பார்க்கும் கருவியில் போடுகிறார். 17 சதவீதத்துக்குள் இருந்தால் தூற்றி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, எடை போட்டு, சாக்கைத் தைத்து அடுக்கலாம். அதற்கு மேல் போனால் திரும்பக் காயப்போடச் சொல்ல வேண்டும், வானம் கறுத்துக்கொண்டிருந்தாலும். சொந்தக்காரரின் நெல் என்றால் கருவியை இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாம் என்று கை போகும். ஊர்ப் பகை உள்ளவர் என்றால் அதே கை கெட்டியாகிவிடும். கருவி சரியாக இருக்கிறதா, மாதிரியைக் குவியலின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்று தெரியாமலே ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். கட்சிக்காரரோ வியாபாரியோ வண்டியோடு வந்து நின்றால் பயம் முடிவெடுக்கும். சாய்வுகள் நான்கும் ஒரு கைப்பிடி நெல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஐந்தாவது தகுதி சிப்பங்களை எண்ணி எழுதும் பதிவேட்டில் இருக்கிறது.

கிறித்தவத்தில் இதே முடிச்சு வேறு விதமாக விழுகிறது. எருசலேமின் ஆதிச் சபையில், அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசுகிறவர்கள் முறுமுறுத்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. போதனையை விட்டுவிட்டுப் பந்தி விசாரிப்பது எங்களுக்குத் தகாது என்றார்கள் அப்போஸ்தலர்கள். வார்த்தை மேலே, சோறு கீழே என்ற படிநிலை அங்கே பிறந்துவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் பந்திக்கு ஆள் தேடும்போது அவர்கள் கேட்ட தகுதி, நற்சாட்சியும் ஆவியும் ஞானமும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்தார்கள் என்று ஆய்வாளர்கள் இதைப் படிக்கிறார்கள். நிர்வாக நுட்பம் தெரிந்த முடிவு அது. பிற்பாடு பெனடிக்ட் தம் மடத்து விதிகளில் பண்டகசாலைக்காரருக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, மடத்துப் பாத்திரங்களைப் பலிபீடத்தின் பாத்திரங்களாகப் பாவிக்க வேண்டும் என்றும், உரிய பங்கைச் செருக்கும் தாமதமும் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்.

துறவிகள் கூலி வாங்கவில்லையே, கூலிக்குச் செய்வதை அறம் என்று எப்படிச் சொல்வது என்பது முதல் மறுப்பு. இந்த மறுப்பு நம் மரபுக்கே புதிது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகளோடு கணக்கர்களும் விளக்கிடுகிறவர்களும் குயவர்களும் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு நெல் என்பது, ஆடவல்லான் என்று இறைவன் பெயரையே தாங்கிய மரக்காலால் அளந்து தீர்க்கப்பட்டிருக்கிறது. நெல் வாங்கியதால் அவர்கள் செய்தது இறைபணி ஆகாது என்று அங்கே யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. இதைவிட முக்கியமான பதில் ஒன்று உண்டு. கூலி புண்ணியத்தைக் குறைக்கும் என்பது கொடுக்கிறவரின் கணக்கு. உண்கிறவரின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு மாறிவிடும். பசித்தவரின் வயிற்றைப் பொருள் சேமித்து வைக்கும் இடம் என்கிறார் வள்ளுவர். அந்த உவமையில்கூட வயிறு, போடுகிறவரின் பெட்டகமாகத்தான் இருக்கிறது. அன்னதானப் பந்தியில் உட்காருகிறவர் கும்பிட்டுவிட்டு எழ வேண்டியிருக்கிறது. ரேஷன் கடையில் பையை நீட்டுகிறவர் கும்பிட வேண்டியதில்லை. எடை குறைந்தால் சண்டை போடலாம், துவரம் பருப்பு ஏன் வரவில்லை என்று குரலை உயர்த்தலாம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-இல் தொடங்கியது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில், ஏழை யார் என்று பிரித்துத் தேடாமல், அட்டைதாரர்கள் பரவலாகப் பொருள் வாங்குகிறார்கள். வாங்குகிறவரை யாருக்கும் கடன்பட்டவராக ஆக்காமல் பசி தீர்ப்பது, கொடுக்கிறவர் ஊதியத்துக்கு வேலை செய்பவராக இருப்பதால்தான் முடிகிறது. சம்பளம் இங்கே குறை ஆவதற்குப் பதில், வாங்குகிறவரின் மானத்தைக் காக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. நெஞ்சு இளகாமல் அளக்கிறவன் கொல்லவும் கூடும் என்பார்கள். தாது வருஷப் பஞ்சம் இதற்குச் சாட்சி. 1877-இல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. பஞ்சத்தில் மாண்டவர்கள் பல லட்சம். அளவு என்பதே கொடூரம் என்று இதிலிருந்து முடிவு கட்டத் தோன்றும். ஆனால் இதே டெம்பிள்தான் 1874-இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசியைத் தருவித்து, சாவு மிகக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டவர். வீண் செலவு என்று அதற்காகத் திட்டு வாங்கினார். மூன்றே ஆண்டில் அவருடைய நெஞ்சு கல்லாகிவிட்டது என்று சொல்வதைவிட, மேலிடத்துப் பயத்தில் அளவு சாய்ந்தது என்று சொல்வதே பொருந்தும். வினயம் நான்காவதாக எண்ணிய சாய்வு அது. அவரை எதிர்த்தவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். உழைக்கிற உடலுக்கு ஒரு ராத்தல் காணாது, ஒன்றரை ராத்தலும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதாடினார். 1877 மார்ச்சில் மாகாண அரசு பாதி தூரம் இறங்கி வந்து, ஒன்றேகால் ராத்தலும் கொஞ்சம் பருப்பும் என்று படியை உயர்த்தியது. கார்னிஷிடம் இரக்கம் இருந்திருக்கும். அரசை அசைத்தது அவர் கையில் இருந்த மருத்துவக் கணக்கு. தவறான அளவைச் சரியான அளவுதான் வென்றது.

வள்ளலாரைக் காட்டி இதை மறுக்கலாம். சீவகாருண்யத்தை வழிபாடாகவே வைத்தவர் அவர், உருக்கத்தை நீக்கிவிட்டு அவரைப் பேச முடியாது. சரிதான். ஆனால் அந்த உருக்கம் 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையாக உருவெடுத்தது. ஊரார் கொடுத்த நிலம், அரிசி இருப்பு, விறகு, அண்டா, அடுப்படிக்கு முறை வைத்து ஆட்கள் என்று அது வளர்ந்தது. அவர் ஏற்றிய அடுப்பு அணையாமல் இருக்கிறது என்று பெருமைப்படுகிறோம். அணையாமல் இருக்க, ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அரிசி இருப்பைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தொடங்கி வைப்பதற்கு உருக்கம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டு நடத்துவதற்கு அது போதாது என்கிறேன்.

கடைசியாக ஊழல். ரேஷன் அரிசி கடத்தப்படுகிறது, எடை குறைகிறது, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறார்கள். இதிலே என்ன அறம் என்று கேட்கிறவர்களுக்குக் கோபப்பட உரிமை உண்டு. தானம் செய்யாதவரை உலோபி என்கிறோம், படியில் கை வைத்தவரைத் திருடன் என்கிறோம். ஏச்சிலேயே வித்தியாசம் தெரிகிறது: அளக்கிறவரிடம் இருப்பது அடுத்தவரின் சொத்து. ஆனால் திருட்டை வேலை செய்கிறவரின் குணத்தில் மட்டும் தேடுகிறவர்கள் வேலையின் அமைப்பைப் பார்ப்பதில்லை. 17 சதவீத ஈரத்தில் வாங்கிய நெல், லாரி வரும்வரை திறந்தவெளியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. வெயிலில் காய்ந்தால் எடை குறையும், இது இயற்கை. அந்தக் குறைவைத் தங்கள் தலையில் கட்டிப் பணம் பிடிக்கிறார்கள் என்பது பணியாளர்களின் நெடுநாள் புகார். சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடப் பிடிக்கிறார்கள் என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், களத்தில் போகிற அந்தக் கிலோ எங்கே பிறந்தது என்பது தெரிந்துவிடும். ரேஷன் கடையிலும் இப்படித்தான். கூலி வேலையில் ரேகை தேய்ந்த மூதாட்டியின் விரலைக் கருவி ஏற்க மறுக்கிறது. விற்பனையாளர் நான்கு முறை துடைத்து வைக்கச் சொல்கிறார், பிறகு மாற்று வழியைத் தேடுகிறார், வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் அவரைத்தான் ஏசுகிறார்கள். தப்பரைச் சங்கம் முழுதும் கூடி, சம்மதம் கேட்டு, அறிவித்து அமர்த்தியது. பழி வந்தபோது சங்கத்தின் நடுவிலேயே அவரைப் பேசவிட்டுத் தீர்ப்புச் சொன்னது. பருவத்துக்குப் பருவம் எடுத்து, பருவம் முடிந்ததும் அனுப்பிவிடுகிற பட்டியல் எழுத்தருக்கு அப்படி ஒரு சபை இல்லை. எடைக் குறைவுக்கான பிடித்தம்தான் வருகிறது.