மண் விலங்கு

மேசைமீது வைத்தேன் ஒரு யானையை. களிமண் யானை, முதல்நாள் இரவு விழித்திருந்து என் கைப்பட உருவாக்கியது. "இதுபோல் செய்யுங்கள்" என்றேன். மணியடிக்கும் வேளையில் வகுப்பெங்கும் யானைகள்! தும்பிக்கையின் வளைவும் அதே, காதின் விரிவும் அதே. பூரித்துப் போனேன்.

ஒரு சிறுமியின் பலகையில் மட்டும் யானை இல்லை. தலையில் கூடையும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு பெண் நின்றாள். "யார் இது?" என்றேன். "அம்மா" என்றாள். "நான் கேட்டது யானை அல்லவா?" என்றேன். மறுமொழி இல்லை. தாயை இரு கைக்குள் வைத்து உருட்டினாள். யானை செய்யத் தொடங்கினாள்.

அன்று நசுங்கியது களிமண் மட்டுமா, தோழர்களே?

மேடையேறினால் முழங்குகிறோம், முன்னோர் மொழிந்தார் என்பதற்காக எதனையும் ஏற்காதீர், எண்ணிப் பார்த்து ஏற்பீர் என்று. வகுப்பறையிலோ, ஆசிரியர் வைத்தார் என்பதற்காகவே யானையை ஏற்கச் செய்கிறோம். முரண்பாடு அன்றோ இது!

அப்படியானால் மாதிரியே கூடாதா? 1897ஆம் ஆண்டு வியன்னா நகரில் பிரான்சு சிசெக் என்பார் சிறுவர் கலை வகுப்பொன்றைத் தொடங்கினார். பார்த்துப் படியெடுப்பதே கலைப்பயிற்சி எனக் கருதப்பட்ட காலம் அது. குழந்தையின் கலை தானே மலரட்டும் என்றார் அவர். சீரிய கருத்துத்தான். எனினும், ஈரமண்ணைக் கையில் திணித்து, "விருப்பம்போல் செய்" என்று விலகி நின்றால் அது விடுதலை ஆகிவிடுமா? தடித்த உருவத்தின் உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் வெடிக்கும். பிடிப்பின்றி ஒட்டிய கை உலர்ந்ததும் உதிரும். நீந்தக் கற்பிக்காமல் ஆற்றில் இறக்கிவிடுவதற்கு உரிமை என்றா பெயர்?

ஊர்ப்புறத்து வேளாரைப் பாருங்கள். ஐயனார் குதிரை ஆளுயரத்துக்கும் மேலாக எழுகிறது, உள்ளேயோ வெற்றிடம். ஒரு பகுதி சற்று இறுகிய பின்னரே அடுத்த பகுதியை ஏற்றுவார். அருகிருந்து கற்கும் மகனும் படியெடுக்கவே செய்கிறான். ஆனால் அவன் படியெடுப்பது செயலை. என் மாணவர் படியெடுத்ததோ விளைவை. செயலைக் கற்றவன் நாளை ஏரும் செய்வான், தேரும் செய்வான். விளைவை மட்டும் கண்டவன், மேசை வெறுமையானால் மண்ணைப் பிசையமாட்டான், கையைப் பிசைவான். அத்திறனைப் பிறப்போடு பூட்டி வைத்தது சமுதாயத்தின் குற்றம். எல்லார் கைக்கும் அதைப் பொதுவாக்குவதே பள்ளியின் கடன்.

இன்னுமொன்று. ஆண்டவனும் அரசனுமே சிலைக்குரியோர் என்றெண்ணிய நாட்டில், 1959இல் சென்னைக் கடற்கரையில் எழுந்தது உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. பாறையை நகர்த்த முனையும் நால்வர். அதனை வியந்து போற்றியவன் நான். அதே எண்ணம் ஒரு சிறுமியின் விரலில் பிறந்தபோது, அடையாளம் காணத் தவறியவனும் நான்!

அடுத்த வாரம் மேசைமீது முழு உருவம் எதனையும் வைக்கவில்லை. குடைந்த உடல் ஒன்று. கீறிக் குழைமண் பூசி ஒட்டிய கை ஒன்று. எடை தாங்கும் அகன்ற அடி ஒன்று. ஏன் இவ்வாறு என்று கேட்கச் செய்தேன், விளக்கினேன். பின்னர் அவர்கள் கண்ணெதிரே மூன்றையும் பிசைந்து வாளியில் போட்டேன். மணியடித்தபோது மாட்டுவண்டி இருந்தது, கிணறு இருந்தது, இன்னதென்று எனக்கே விளங்காத உருவங்களும் இருந்தன.

அந்தச் சிறுமி மட்டும் யானை செய்திருந்தாள்.

விலங்கு பூட்ட எனக்கு ஒரே ஒரு கேள்வி போதுமானதாயிருந்தது. கழற்ற எத்தனை வாரம் ஆகுமோ! ஆகட்டும். பூட்டியவன்தானே கழற்றவேண்டும்.